காய் விட்ட காலணிகள்

பாலாற்றில் தண்ணீர் ஓடியதைவிட மணல் லாரி ஓடியதையே அதிகம் கண்ட பேரணைக்குப்பத்தில், ஷூ கம்பெனியின் நீல பஸ் காலை ஏழு மணிக்குத் தெருத்தெருவாக வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சம் இருப்பது ஆண்களும் ஆடுகளும் தாமாகவே ஷூ மாட்டிக்கொள்ள வேண்டிய குழந்தைகளும்தான் என்பதால், மேட்டுத்தெரு நர்சரிப் பள்ளிக்கு ஒன்பது மணிக்கு வந்து சேரும் அறுபத்து மூன்று பிள்ளைகளில் ஐம்பது பேராவது இடது காலை வலது ஷூவிலும் வலது காலை இடது ஷூவிலும் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்து வருவார்கள். அந்த ஐம்பது பேரையும் வராந்தாவில் வரிசையாக உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, சரியான காலில் மாட்டி வகுப்புக்கு அனுப்புவதுதான் ஆயா பூங்காவனத்தின் முதல் வேலை.

பூங்காவனத்துக்கு நாற்பத்து நான்கு வயது. கோபக்காரி என்று பெயர். வேலை செய்துகொண்டே திட்டுவாள், திட்டிக்கொண்டே வேலை செய்வாள். ஏழு மணி பஸ்ஸைத் திட்டுவாள், அந்த பஸ்ஸை ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவனைத் திட்டுவாள், பொண்டாட்டி பஸ் ஏறின பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற புருஷன்மார்களைத் திட்டுவாள், ஒட்டாத பட்டையைத் திட்டுவாள், அவிழாத முடிச்சைத் திட்டுவாள். ஆனால் இத்தனை வசவுக்கும் நடுவில் அவள் விரல் ஒரு குழந்தையின் கணுக்காலைக்கூட வலிக்கும்படி பிடித்ததில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியும். மழை பெய்யும்போது தாழ்வாரத்தில் நிற்பதுபோல அவர்கள் அந்த வசவுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இடம் வலம் தெரியாத பிள்ளைகளுக்கு அவள் ஒரு கணக்கு சொல்லித் தந்திருந்தாள். ரெண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கோடு மூக்கு சாய்ந்து குசுகுசுவென்று பேசுவதுபோல இருந்தால் பழம். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் காய்.

"பழமா காயா?" என்று கேட்பாள்.

"காய் ஆயாம்மா."

"காய் விட்டா இன்னா ஆவும்?"

"காலக் கடிக்கும்."

அதுவரைக்கும் அவ்வளவுதான் ஆகிக்கொண்டிருந்தது. ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமைவரை பேரணைக்குப்பத்தில் மாற்றிப் போட்ட ஷூ காலைக் கடித்தது, அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகள் மதியத் தூக்கம் முடிந்து எழுந்து ஷூ போட்டுக்கொள்ளும் மூன்று மணிக்கு, தாளாளர் ஜெயசிங் பூங்காவனத்தைக் கூப்பிட்டு அதிகாரிக்கு இளநீர் வெட்டி வரச் சொன்னார். "பசங்களுக்கு ஷூ போடணும் சார்" என்று அவள் சொன்னதற்கு, "அதுங்களே போட்டுக்கும், எத்தன நாளைக்கு நீயே போட்டு விடுவ?" என்றார். அவள் இளநீரைச் சீவிய வேகத்தில் அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அவள் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, எல்.கே.ஜி. படிக்கும் தன்ஷிகா என்கிற நாலு வயதுக் குழந்தை, இரண்டு ஷூவையும் காய் விட்டபடி மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏ பாப்பா! தன்ஷி! எங்க போற?"

குழந்தை திரும்பவில்லை. ஓடவும் இல்லை. பெரிய மனுஷி ஒருத்தி வேலைக்குப் போவதுபோல ஒரே சீராக நடந்தது. பூங்காவனம் ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கிய பிறகும் கால்கள் அந்தரத்தில் நடந்துகொண்டே இருந்தன, நடந்த வேகத்தில் அவள் கையை விட்டு நழுவி மறுபடியும் தரைக்கு வந்தன. பக்கத்துத் தெருவுக்கு வழி இருந்தும் குழந்தை வழியில் போகவில்லை, நேர்கோடு பிடித்தது. மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்து வெளியே வந்தது, தோல் ஷெட்டின் கழிவுநீர்க் கால்வாயை அது தரையாக இருப்பதுபோலக் கடந்தது, நெடுஞ்சாலையில் ஆறு வரிசையாகப் பறந்துகொண்டிருந்த லாரிகளுக்கு நடுவில் தலையைக்கூடத் திருப்பாமல் இறங்கியது. பிரேக் போட்ட முதல் லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அடிவயிற்றைக் கையால் பிடித்தபடி பின்னால் ஓடிவந்த பூங்காவனத்துக்கு, அந்த நேர்கோடு எங்கே போய் முட்டும் என்று பாதி ரோட்டிலேயே புரிந்துவிட்டது.

கம்பெனியின் சுவர் பத்தடி உயரம். குழந்தை சுவர்வரைக்கும் போய், நிற்காமல், தரையில் நடந்ததுபோலவே சுவரிலும் நடந்து ஏறியது. இரட்டைப் பின்னல் ரெண்டும் நேர் கீழே தொங்க, புத்தகப்பை முதுகிலிருந்து தரையைப் பார்த்து ஆட, மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளை நறநறவென்று மிதித்து அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. வாட்ச்மேன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஐடி கார்டு இல்லாம உள்ள போவக் கூடாது பாப்பா" என்றார். பிறகு பூங்காவனத்தைப் பார்த்தார். அவள் அந்தக் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை செய்தவள் என்பதால் முகம் தெரியும். "நீ கேட் வழியா வா. சுவத்துல எல்லாம் ஏறாத" என்றார்.

தன்ஷிகாவின் அம்மா குணசுந்தரி தையல் பகுதியில் இருபத்தேழாம் நம்பர் மிஷினில் இருந்தாள். அந்தக் கம்பெனியில் தைத்ததெல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான ஷூ. அதிலும் ஒரு வரிசை வலது காலை மட்டும் தைக்கும், எதிர் வரிசை இடது காலை மட்டும் தைக்கும். குணசுந்தரி ஆறு வருஷமாக இடது கால் தைத்துக்கொண்டிருந்தாள். யாரோ கோட்டைப் பிடித்து இழுப்பதை உணர்ந்து குனிந்தவள், கத்தவில்லை, அலறவில்லை. மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"யார் கூட வந்த சாமி?"

"ஷூ கூட வந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. குழந்தை அம்மாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மூக்கைப் புதைத்து, பசையும் தோலும் வியர்வையும் கலந்த அந்த வாசனையை இழுத்துக்கொண்டு தூங்கிப் போயிற்று. மூன்று நிமிஷம் தூங்கியிருக்கும். அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டாள், மிஷின் நின்றால் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் மேலே தெரியும், குழந்தையை வெளியே அனுப்பு என்றாள். பூங்காவனம்தான் ஷூவைக் கழற்றிச் சரியான காலில் மாட்டினாள். மாட்டிய உடனே குழந்தை சாதாரணக் குழந்தையாகி, கையைக் காலை உதைத்துக்கொண்டு வீரிட்டு அழுதது. இரண்டு கிலோமீட்டர் தூரம், ஒரு லோட்டா தண்ணீர்கூடக் கிடைக்காத வெயிலில், அழுகிற குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு அவள் நடந்தாள். சரியாக மாட்டியது என் கைதானே, என் கைதானே என்று ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குள் ஒன்று கொதித்து மேலே வந்தது.

மறுநாள் ஒன்பது குழந்தைகள் போயினர். அதற்கடுத்த நாள் பதினேழு. பள்ளிக்கு வராமலே, வீட்டு வாசலிலேயே ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிய குழந்தைகளும் அதில் உண்டு. எதற்குமே ஒரு வாரத்தில் பழகிவிடுகிற ஊர் என்பதால் பேரணைக்குப்பம் இதற்கும் பழகிக்கொண்டது. மாட்டுக் கொட்டகைக்காரர் தடுப்புக் கம்பு ரெண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "போற பிள்ளைங்க போவட்டும், மாடு ஒண்ணும் சொல்லல" என்றார். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் அந்த இடம் வந்தால் தாமாகவே வேகத்தைக் குறைத்தார்கள், கிளீனர்கள் இறங்கி நின்று கை காட்டினார்கள், பெங்களூரிலிருந்து வருகிற டிரைவர் ஒருவர் வாரம் ஒருமுறை பிஸ்கட் பாக்கெட் கட்டு ஒன்றை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். டீக்கடையில் பிள்ளைகள் போவதையே மணியாக வைத்து வடைக்குப் பருப்பு ஊறப்போட்டார்கள். சுவரில் ஏறுகிற இடத்தில் சின்னச் சின்ன ஷூத் தடம் பதிந்து பதிந்து சுண்ணாம்பு போய் ஒரு பாதையே விழுந்துவிட்டது. இது தெய்வ காரியம் என்று ஒருவர் அந்த இடத்தில் மஞ்சள் குங்குமம் பூசிவிட்டுப் போனார். வாட்ச்மேன் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மறுநாள் மறுபடி பூசியிருந்தது.

எல்லாம் வேடிக்கையாகவே இருக்கவில்லை. இம்ரான் என்கிற பையனின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஷூவைக் காய் விட்டதும் அறுபத்து இரண்டு பிள்ளைகளும் போகிற திக்கில் அவன் போகவில்லை. மேற்கே திரும்பி நடந்தான். இருபது கிலோமீட்டர் தள்ளி, டோல்கேட்டைக் கடந்து, மலையடிவாரத்தில் அவன் அப்பா மோட்டார் சைக்கிளில் போய் மறித்துப் பிடித்து ஷூவை இழுத்தபோது, காலுறை ரெண்டும் ரத்தத்தில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவனுக்கு ஷூவே கிடையாது என்றாகிவிட்டது. வெறுங்காலோடு வராந்தா ஓரத்தில் உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளுக்கு ஆயா ஷூ மாட்டுவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பூங்காவனம் கடலைத் திட்டினாள், கப்பலைத் திட்டினாள், விமானத்தைத் திட்டினாள்.

இரண்டாவது வாரக் கடைசியில் கம்பெனி மேனேஜர் கோதண்டபாணி பள்ளிக்கு வந்தார். தாளாளர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். பூங்காவனத்தை டீ கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தவளை நிற்கச் சொன்னார்கள்.

"ஏம்மா, ஒரு ஷூவை ஒழுங்கா எந்தக் கால்ல போடணும்னு பிள்ளைக்குச் சொல்லித் தர்றது அவ்வளவு கஷ்டமா?" என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை. தர்மம் செய்கிறவர் குரல். "தினம் நானூறு ஜோடி குறையுது. கப்பலுக்குத் தேதி குடுத்திருக்கோம். உன் ஒருத்தியோட அலட்சியத்தால எத்தன பேர் பொழப்பு போவுது பாரு."

"அதான் நானும் சொன்னேன் சார்" என்றார் ஜெயசிங்.

பூங்காவனம் டீ டம்ளரை மேஜைமேல் வைத்தாள். சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்டது.

"பன்னெண்டு வருசமா அதத்தான் செஞ்சுகினு கீறேன்" என்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன் சார். உங்க கம்பெனியில பாத்ரூமுக்குப் பக்கத்துல ஒரு ரூம் கீதே, செவுத்துல வாத்து படம் போட்டது, அது இன்னாத்துக்கு?"

மேனேஜர் டீயை எடுத்துக் குடித்தார்.

"அது எக்ஸ்போர்ட் சாம்பிள் ரூம்மா."

"அதுக்கு எதுக்கு வாத்து?"

பூங்காவனத்துக்குத் தெரியும். அவள் அங்கே வேலை செய்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருவார்கள். வருவதற்கு முந்தின நாள் சாம்பிள் பெட்டிகளை வெளியேற்றி, அந்த அறையில் தொட்டில் கட்டி, பொம்மை வைத்து, நாளைக்கு மட்டும் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள் என்பார்கள். சட்டப்படி எப்போதுமே இருந்திருக்க வேண்டிய அறை அது. மூன்று வயது மகள் மலர்விழியை அவளும் கூட்டிப்போனாள். தொட்டில், பலூன், மதியம் இடைவேளையில் ஓடிவந்து அம்மா ஊட்டிய சாதம், எட்டிப் பார்த்தால் தெரிகிற அம்மாவின் முதுகு என்று அந்த ஒரு நாள் முழுக்கச் சிரித்த குழந்தை, மறுநாள் விடியும் முன்பே எழுந்து தானே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது. கூட்டிப்போக முடியாது என்று எப்படிச் சொல்வது? பஸ் வந்தது. குழந்தை பஸ்ஸுக்குப் பின்னால் தெருமுனைவரை ஓடியது. அப்புறம் ஒவ்வொரு நாளும் ஓடியது, ஒரு நாள் ஓடுவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு அது தன்னைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது. மலர்விழி இப்போது ஓசூரில் கல்யாணமாகி இருக்கிறாள். போனில் பேசும்போது 'நீங்க' என்கிறாள்.

இதில் ஒன்றையும் பூங்காவனம் அந்த அறையில் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம், அழுதால் இவர்களுக்கு வசதியாகிவிடும் என்று வாயை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பத்து நாளில் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. இடமும் இல்லாத வலமும் இல்லாத ஷூ. நடுவில் கோடு கிழித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கிற, பெட்டி மாதிரி நேராக நிற்கிற ஷூ. எந்தக் காலில் எதைப் போட்டாலும் மாறிப்போவதற்கு வழி இல்லை. அறுபத்து மூன்று ஜோடி தைத்துப் பள்ளிக்கு இலவசமாக அனுப்பினார்கள்; இம்ரானுக்கு மட்டும் அதையும் போட அவன் அப்பா விடவில்லை. தைத்துக் கொடுத்த வரிசையில் குணசுந்தரியும் இருந்தாள். ஜெயசிங் மாலை போட்டு வாங்கிக்கொண்டார். பழைய ஷூக்களை எல்லாம் சாக்கில் கட்டிக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். ஊர் அதற்கும் பழகியது. "நல்லதுதானே, பிள்ளைங்களும் ரோட்டுல போவல, வேலையும் நிக்கல" என்றது டீக்கடை. லாரிகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவிடம் போகிறேன் என்று யாரும் நடக்கவில்லை. நடக்க முடியவில்லை.

முதல் நான்கு நாள் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவது நாள் மதியத் தூக்கத்துக்கு முன்பு பூங்காவனம் ஷூவைக் கழற்றிக் காலுறையை உருவியபோது, தன்ஷிகாவின் சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிப்போய், தோல் உரிந்து, சிவந்த புளியங்கொட்டை மாதிரி இருந்தது. அடுத்த குழந்தையைப் பார்த்தாள். அதற்கடுத்த குழந்தையைப் பார்த்தாள். நூற்று இருபத்து நான்கு கால்களையும் பார்த்தாள். கொப்புளம் இல்லாத கால் ஒன்றுகூட இல்லை.

"ஏன்டி சொல்லல?"

"மிஸ் சொன்னாங்க" என்றது தன்ஷிகா. "வலிச்சா நல்ல பிள்ளயா ஆயிடுவோமாம்."

அன்றைக்குப் பூங்காவனம் யாரையும் திட்டவில்லை, எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அதுதான் பயமாக இருந்தது. பிறகு எழுந்து போய் உலக்கை மாதிரி இருந்த கேட் கம்பியைப் பிடுங்கிவந்து, கிடங்குப் பூட்டின்மேல் ஒரே போடாகப் போட்டாள். சாக்கை இழுத்துவந்து வராந்தாவில் கொட்டினாள். தலையணைக்குப் போட்டிருந்த தன் பழைய புடவையைக் கிழித்து, தேங்காயெண்ணெயில் நனைத்து, ஒவ்வொரு விரலுக்கும் சுற்றினாள். அதற்குப் பிறகு, பன்னிரண்டு வருஷமாக எந்தக் காரியத்துக்குச் சம்பளம் வாங்கினாளோ அந்தக் காரியத்தைத் தலைகீழாகச் செய்ய உட்கார்ந்தாள்.

அது எளிதாக இல்லை. கை கேட்கவில்லை. இடது ஷூவை எடுத்தால் விரல்கள் தாமாகவே இடது காலைத் தேடின.

"ஆயாம்மா, பழம் போட்டுட்ட" என்றது ஒரு குழந்தை. "காய் போடு."

"போடறேன்டி, இரு, போடறேன்."

"மிஸ் அடிப்பாங்க ஆயாம்மா."

"அடிக்கட்டும், இன்னிக்கி என் மேல கை வெச்சிப் பாக்கட்டும்."

ஆசிரியை ஓடிவந்தாள், பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். ஜெயசிங் ஓடிவந்தார். "பூங்காவனம், நீ இன்னா பண்றன்னு தெரிஞ்சிதான் பண்றியா? வேலை போயிடும்!" என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போவட்டும் சார், அந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க, வழுக்குது" என்றாள். அவர் என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் குனிந்து பிடித்துவிட்டார்.

பட்டப்பகல் இரண்டு மணிக்கு அறுபத்து இரண்டு பிள்ளைகளும் கிளம்பினார்கள். ஷூ இல்லாத இம்ரானை இடுப்பில் தூக்கிக்கொண்டு பூங்காவனம் பின்னால் போனாள். மாட்டுக் கொட்டகைக்காரர் மறுபடியும் கம்பைப் பிடுங்கினார். நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் சென்னைவரைக்கும் மறுபக்கம் பெங்களூர்வரைக்கும் நிற்பதுபோல லாரிகள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. சுவருக்குப் போனதும் பிள்ளைகள் வரிசை கலையாமல் ஏறினார்கள். பழுப்பேறிய சுவர் முழுக்க நீலச் சீருடை பரவிக்கொண்டே போயிற்று, பின்னல்களும் கழுத்துப்பட்டைகளும் தண்ணீர் பாட்டில்களும் பூமியைப் பார்த்துத் தொங்கின, ஒரு குழந்தையின் டப்பா திறந்து மதியம் தின்னாத இட்லி ஒன்று வாட்ச்மேன் தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. பூங்காவனம் கேட்டுக்கு வெளியே நின்றாள். இந்த முறை அவளை உள்ளே விட அவருக்கு அனுமதி இல்லை.

ஆகையால் உள்ளே நடந்ததை அவள் பார்க்கவில்லை, கேட்டாள். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கம்பெனியின் இரைச்சல் ஊருக்குமேல் ஒரு கூரைபோல நின்றிருந்தது, யாருமே அதைத் தனியாகக் கேட்டதில்லை. அதிலிருந்து ஒரு மிஷின் கழன்று நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு ஐந்தாறு சேர்ந்தாற்போல. இடது வரிசையும் வலது வரிசையும் நின்றன, வெட்டும் பகுதி நின்றது, பசை அடிக்கும் பகுதி நின்றது, பிள்ளையே இல்லாத பெண்களின் மிஷின்களும் நின்றன. கடைசியில் ஒரே ஒரு மிஷின் யாரோ மறந்துவிட்டதுபோல ஓடிக்கொண்டிருந்து, அதுவும் நின்றது. அந்த அமைதியில் பேரணைக்குப்பத்துக்காரர்கள் முதல்முறையாகத் தங்கள் ஊரில் இவ்வளவு காக்கை இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சூப்பர்வைசர் பிள்ளைகளின் ஷூவைக் கழற்றச் சொன்னாள். யாரும் கழற்றவில்லை. மேனேஜர் ஒலிபெருக்கியில் பேசினார். குணசுந்தரி மகளின் ஒரு ஷூவை மட்டும் தானே கழற்றி, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். ஆறு வருஷத்தில் அவள் அந்தக் கூடத்தில் சத்தமாகப் பேசியது கிடையாது.

"சார், இந்த விரல வந்து பாருங்க. நீங்க குடுத்தீங்களே அந்தப் பெட்டி ஷூ, அத நான்தான் தெச்சேன். என் புள்ள விரல நானே மடக்கித் தெச்சிருக்கேன்" என்றாள். "வாத்து ரூமத் தொறங்க. தொறந்தா மிஷின் ஓடும்."

சாவி வெளிநாட்டு விற்பனைப் பிரிவு அதிகாரியிடம் இருக்கிறது, அவர் லீவு என்றார்கள். பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். மூன்று மணி ஆயிற்று, ஐந்து மணி ஆயிற்று, பஸ் வந்து காலியாக நின்றது. போலீஸ் வந்தது, வந்த பெண் காவலர் ஒரு குழந்தையின் விரலைப் பார்த்துவிட்டு, இது எங்கள் கேஸ் இல்லை, தொழிலாளர் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தானும் ஓரமாக உட்கார்ந்தாள். தொழிலாளர் அதிகாரி மறுநாள் காலை கட்டட வரைபடத்தோடு வந்து, அதில் 'குழந்தைகள் காப்பறை' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதைக் காட்டுங்கள்" என்றார். அப்போது சாவி கிடைத்தது. அடுக்குப் பெட்டிகளை இழுத்தெறிந்தபோது சுவரில் வாத்துகள் கொஞ்சம் வெளுத்துப்போய் இருந்தன.

ஜெயசிங் சொன்னபடியே பூங்காவனத்தை வேலையைவிட்டு நிறுத்தினார். கம்பெனிப் பெண்கள், அந்த அறைக்கு ஆயாவாக அவள் இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்றார்கள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இப்போது ஏழு மணி பஸ்ஸில் பிள்ளைகளும் ஏறினார்கள். சின்னதுகள் அங்கேயே இருந்தன, பெரியதுகள் ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பின. ஷூக்கள் நடப்பதை நிறுத்திவிட்டன. மாற்றிப் போட்டால் முன்புபோலக் காலைக் கடித்தன, வேறொன்றும் செய்யவில்லை. சுவரில் விழுந்த பாதைக்கு வெள்ளையடித்தார்கள். ஊர் அதற்கும் பழகி, அப்படி ஒன்று நடந்ததா என்று கேட்கிற நிலைக்கு வந்தது.

பூங்காவனம் பழகவில்லை. திறந்தார்களே என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டபோது, இருபத்தைந்து வருஷம் பூட்டி வைத்திருந்தார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த இருபத்தைந்து வருஷத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி ஓடி நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு யார் எந்தக் கதவைத் திறப்பது? இம்ரானுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை; அவன் அப்பா இன்னும் அவனுக்கு ஷூ வாங்கித் தரவில்லை.

தை மாதத்தில் வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். மேனேஜர் அவர்களை வாத்து அறைக்குக் கூட்டிவந்து, இதெல்லாம் எங்கள் நிறுவனத்தின் அன்பு என்று சொன்னார். ஒரு வெள்ளைக்காரப் பெண் கழுத்தில் கேமராவோடு வந்து, ஆயா ஒரு குழந்தைக்கு ஷூ மாட்டுவதைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். தன்ஷிகாவை உட்காரவைத்தார்கள். பூங்காவனம் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காலைப் பிடித்தாள்.

"கொஞ்சம் சிரிம்மா" என்றார் மேனேஜர்.

அவள் ஷூவின் பட்டையை இழுத்து ஒட்டினாள்.

"படம் உலகம் பூரா போவும். சந்தோஷமா இருக்கறாப்பல ஒரு சிரிப்பு."

"வேலை செய்றேன் சார்" என்றாள் பூங்காவனம். "எடுக்கறதுன்னா எடுங்க."

இருபது முப்பது படம் எடுத்தார்கள். ஒன்றிலும் அவள் சிரிக்கவில்லை. அதில் ஒன்றை வெளிநாட்டில் பெரிதாக அச்சடித்து அனுப்பினார்கள்; கம்பெனி வரவேற்பறையில், நாற்காலிகளுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். படத்தில் குழந்தை சிரிக்கிறது, வாத்துகள் சிரிக்கின்றன, பின்னால் நிற்கிற மேனேஜர் சிரிக்கிறார். ஒருத்தி மட்டும் கேமராவை நேராகப் பார்த்தபடி, எவன்டா நீ என்பதுபோல இருக்கிறாள். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்த முகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று, அவளை மட்டும் வெட்டிவிட்டு வேறு படம் போட்டுத் தரச்சொல்லி மேனேஜர் ஸ்டுடியோவுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ஸ்டுடியோக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், அளந்து பார்த்தார், முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குழந்தையின் கால் அவள் கைக்குள் இருந்தது.